கட்டடம் எழுமுன் ஒரு கணக்கு: அலுவலகங்களின் மின் தேவையைக் கணிக்கும் மென்பொருள்கள்

ஓர் அலுவலகக் கட்டடம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பயன்பாட்டில் இருக்கக்கூடியது. அதைக் கட்டுவதற்கான முதலீடு ஒரு முறையோடு முடிந்துவிடுகிறது. குளிரூட்டவும் ஒளியூட்டவும், மின்தூக்கிகளையும் கணிப்பொறிகளையும் இயக்கவும் ஆகும் மின் செலவோ ஆண்டுதோறும் தொடர்கிறது. கட்டடம் எத்திசை நோக்கி அமைகிறது, சன்னல்களின் பரப்பு எவ்வளவு, கூரையில் வெப்பக் காப்பு உண்டா, குளிரூட்டும் இயந்திரத்தின் திறன் என்ன என்பன போன்ற முடிவுகளே இத்தொடர் செலவின் பெரும் பகுதியை நிர்ணயிக்கின்றன. இம்முடிவுகள் யாவும் வரைபட நிலையிலேயே எடுக்கப்பட்டு விடுகின்றன. கட்டடம் எழுந்த பின் விளக்குகளை மாற்றலாம். திசையை மாற்ற இயலாது.

எனவேதான், இன்னும் கட்டப்படாத கட்டடம் ஓர் ஆண்டில் எவ்வளவு மின்சாரத்தைச் செலவிடும் என்பதை முன்கூட்டியே கணித்தறியும் மென்பொருள்கள் முக்கியத்துவம் பெற்றுள்ளன. இவற்றுள் சில இலவசமாகக் கிடைப்பவை. சிலவற்றுக்கு உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். ஒரே வரைபடத்தை இரு மென்பொருள்களில் இட்டுக் கணக்கிட்டால் இரு வேறு விடைகள் கிடைப்பதும் உண்டு. எதை நம்புவது, எந்த அளவுக்கு நம்புவது என்ற கேள்வி பொறியாளர்களை மட்டும் சார்ந்ததன்று. பொதுப் பணத்தில் அலுவலகங்கள் கட்டுவதற்கு ஒப்புதல் அளிப்போரும் நகரமைப்பு அனுமதி வழங்குவோரும் இக்கணிப்புகளைச் சான்றாக ஏற்க வேண்டிய நிலை இன்று உருவாகியுள்ளது.

கணிப்பு நடைபெறும் முறை

பழைய முறையில், ஆண்டின் மிக வெப்பமான ஒரு நாளை எடுத்துக்கொண்டு, அன்றைய உச்ச வெப்பச் சுமைக்கு ஏற்பக் குளிர்சாதன இயந்திரத்தின் அளவைப் பொறியாளர் நிர்ணயிப்பார். எத்தனை டன் இயந்திரம் தேவை என்ற கேள்விக்கு இது விடை தரும். ஆண்டு முழுவதும் எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகும் என்ற கேள்விக்கு இதில் விடையில்லை. உச்ச வெப்ப நாள்கள் சிலவே. மற்ற நாள்களில் இயந்திரம் பகுதிச் சுமையிலேயே இயங்குகிறது.

உருவகக் கணிப்பு என்பது கட்டடத்தின் மாதிரியைக் கணிப்பொறிக்குள் அமைத்து, ஆண்டின் 8,760 மணி நேரத்திலும் அது எவ்வாறு இயங்கும் என்று கணக்கிடுவதாகும். ஒவ்வொரு மணியிலும் சுவர், கூரை, கண்ணாடி வழியாக உள்ளே வரும் வெப்பம் எவ்வளவு; உள்ளிருக்கும் மனிதர்களும் விளக்குகளும் கணிப்பொறிகளும் வெளியிடும் வெப்பம் எவ்வளவு; புதுக்காற்றுடன் வந்து சேரும் வெப்பமும் ஈரமும் எவ்வளவு என்பவை கூட்டப்படுகின்றன. அவ்வெப்பத்தை வெளியேற்றக் குளிர்சாதனம் செலவிடும் மின்சாரம் பின்னர் கணக்கிடப்படுகிறது. மேற்குச் சுவர் பிற்பகலில் வாங்கிய வெப்பத்தை மாலையில்தான் அறைக்குள் விடுகிறது. இத்தகைய காலத் தாமதத்தையும் கணக்கில் கொள்வதே இம்முறையின் சிறப்பு.

விதித்தொகுப்பும் மென்பொருளும்

எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001இல் இயற்றப்பட்டது. அதன் கீழ் பி.இ.இ. என்று அறியப்படும் எரிசக்தித் திறன் பணியகம் 2002 மார்ச்சில் அமைந்தது. வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு 2007இல் வெளியாயிற்று. நாட்டை வெப்ப வறட்சி, வெப்ப ஈரம், கலப்பு, மிதவெப்பம், குளிர் என ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாக அது பிரித்தது. 2017இல் திருத்தப்பட்டபோது அடிப்படை நிலைக்கு மேல் இரு உயர் நிலைகளும் வகுக்கப்பட்டன. 2022ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தைத் தொடர்ந்து, 2024இல் அது நிலைத்த கட்டடங்களுக்கான விதிகளையும் உள்ளடக்கி விரிவாக்கப்பட்டது.

இவ்விதிகளை நிறைவேற்ற இரு முக்கிய வழிகள் உள்ளன. சுவர், கண்ணாடி, விளக்கு, இயந்திரம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் குறிக்கப்பட்ட அளவுகளைத் தனித்தனியே பின்பற்றுவது ஒன்று. முழுக் கட்டடத்தையும் உருவகக் கணிப்புக்கு உட்படுத்துவது மற்றொன்று. இரண்டாவது வழியில், விதிப்படியான கற்பனைக் கட்டடம் ஒன்றும் உத்தேசக் கட்டடமும் ஒரே மென்பொருளில் கணக்கிடப்படுகின்றன. உத்தேசக் கட்டடத்தின் மின் செலவு விதிப்படியான கட்டடத்தின் செலவை விஞ்சாதிருந்தால் அது தகுதி பெறுகிறது. ஆகவே மென்பொருள் இங்கு வடிவமைப்புக்கு உதவும் கருவி என்ற நிலையைக் கடந்து, சட்டபூர்வமான சான்றைத் தரும் கருவியாகிறது.

மென்பொருள்களின் மரபு

இக்கருவிகளின் வளர்ச்சிக்கு 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி பெரும் தூண்டுதலாயிற்று. அமெரிக்காவில் 1970களின் பிற்பகுதியில் இரு மென்பொருள்கள் உருவாயின. அந்நாட்டு எரிசக்தித் துறையின் ஆதரவில் வளர்ந்தது டி.ஓ.ஈ.-2, ராணுவப் பொறியியல் ஆய்வகத்தில் பிறந்தது பிளாஸ்ட். இவ்விரண்டின் சிறப்புகளையும் இணைத்து, 2001இல் எனர்ஜிபிளஸ் வெளியிடப்பட்டது. சூரிய வெப்பச் சாதனங்களை ஆராய்வதற்காக விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1975இல் தோன்றியது டிரான்சிஸ். ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் ஈ.எஸ்.பி.-ஆர் உருவாயிற்று.

இன்று வடிவமைப்பாளர்கள் பயன்படுத்தும் பல கருவிகள் இவற்றின் வழிவந்தவை. ஈக்வெஸ்ட் என்னும் இலவச மென்பொருள் டி.ஓ.ஈ.-2 கணக்கீட்டின் மேல் எளிய கேள்வி-பதில் முகப்பை அமைத்தது. டிசைன்பில்டரும் ஓபன்ஸ்டுடியோவும் எனர்ஜிபிளஸைத் தம் கணக்கீட்டு அடித்தளமாகக் கொண்டவை. முன்னது உரிமக் கட்டணம் உடையது, பின்னது இலவசம். ஐ.ஈ.எஸ். நிறுவனத்தின் மென்பொருள் தனக்கேயுரிய கணக்கீட்டு முறையைக் கொண்டது. குளிர்சாதன உற்பத்தி நிறுவனங்கள் வெளியிட்ட மென்பொருள்களும் உண்டு. இயந்திர அளவை நிர்ணயிக்கும் பணியில் அவை பெரிதும் பயன்படுகின்றன. ஆகவே, பெயர்கள் இரண்டாக இருப்பதால் மட்டும் இரு கருவிகள் ஒன்றையொன்று சரிபார்ப்பதாகக் கொள்ளலாகாது. டிசைன்பில்டரும் ஓபன்ஸ்டுடியோவும் ஒரே விடையைத் தந்தால், அடித்தளம் ஒன்றே என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

கணக்கீட்டு முறையில் இவற்றிடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. டி.ஓ.ஈ.-2 மரபில் கணக்கு படிப்படியாக முன்செல்கிறது. முதலில் அறை ஒரு நிலையான வெப்பநிலையில் இருப்பதாகக் கொண்டு வெப்பச் சுமை காணப்படும். பிறகு காற்றுப் பகிர்வு அமைப்பு, அதன் பின் இயந்திரக்கூடம், இறுதியில் செலவு என வரிசை தொடரும். பின்னைய படியில் நிகழ்வது முன்னைய படியை முழுமையாகத் திருத்துவதில்லை. எனர்ஜிபிளஸில் அறை, காற்று, இயந்திரம் மூன்றும் ஒரே காலக் கூறில் சேர்த்துத் தீர்க்கப்படுகின்றன. அக்காலக் கூறு ஒரு மணிக்கும் குறைவாக, வழக்கமாகப் பத்து நிமிடமாக, அமைகிறது.

சாதாரணமான, முற்றிலும் குளிரூட்டப்பட்ட அலுவலகத்துக்கு இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. படிப்படியான முறையே விரைந்து விடை தரும். ஆனால் குளிர்ந்த நீர்க் குழாய்களைத் தளத்தில் பதித்துக் குளிரூட்டும் முறை, சன்னலைத் திறந்து வைக்கும் நேரமும் குளிர்சாதனம் இயங்கும் நேரமும் மாறி மாறி வரும் கட்டடம் ஆகியவற்றில் அறையின் வெப்பநிலையும் பரப்புகளின் வெப்பநிலையும் ஒன்றையொன்று சார்ந்து மாறுகின்றன. அங்கு ஒருங்கிணைந்த கணக்கீடு இன்றியமையாதது.

ஒரே பெட்டிக்குப் பல விடைகள்

மென்பொருள்களை ஒப்பிடுவதற்கென்றே பன்னாட்டு எரிசக்தி முகமையின் திட்டம் ஒன்றில் உருவான சோதனை முறை 1995இல் வெளியிடப்பட்டது. பின்னர் அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே அதைத் தனது 140ஆம் எண் தர நிர்ணயமாக ஏற்றுக்கொண்டது. இச்சோதனையின் அடிப்படைக் கட்டடம் 8 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் 2.7 மீட்டர் உயரமும் கொண்ட வெறும் பெட்டி. தெற்குச் சுவரில் 12 சதுர மீட்டர் கண்ணாடி. தட்பவெப்பம் அமெரிக்காவின் டென்வர் நகருடையது. எல்லா மென்பொருள்களுக்கும் ஒரே விவரங்களே தரப்பட்டன.

அவ்வாறிருந்தும், மெல்லிய சுவர்கள் கொண்ட பெட்டிக்கு ஓராண்டில் வெளியேற்ற வேண்டிய வெப்பம் ஏறத்தாழ 6,100 கிலோவாட் மணி முதல் 8,000 கிலோவாட் மணி வரை எனத் தேர்ந்த மென்பொருள்கள் விடை தந்தன. கனத்த சுவர்கள் கொண்ட பெட்டிக்கு விடைகள் ஏறத்தாழ 2,100 முதல் 3,400 வரை இருந்தன. முன்னதில் உச்ச விடை குறைந்த விடையைவிடச் சுமார் 30 சதவீதமும், பின்னதில் சுமார் 60 சதவீதமும் மிகுதி. செங்கல்லும் கான்கிரீட்டும் மிகுந்த நம் கட்டடங்களைக் கருதும்போது, கனத்த சுவர்களில் விடைகள் சிதறுவது கவனத்துக்குரியது. அதன்பின் மென்பொருள்கள் பலவாறு திருத்தம் பெற்றுள்ளன. எனினும், சோதனையில் தேறியது என்பதற்கு, விடை ஏற்கத்தக்க வரம்புக்குள் உள்ளது என்பதே பொருள். விடை உண்மையானது என்று பொருளன்று.

அமெரிக்க, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் நால்வர் இருபது மென்பொருள்களின் திறன்களை ஒப்பிட்டு 2005இல் வெளியிட்ட அறிக்கையும் இங்கு நினைவுகூரத்தக்கது. ஒரு மென்பொருள் எதைச் செய்ய வல்லது என்று விவரிப்பதற்குப் பொதுவான சொல்வழக்கே இன்னும் முழுமையாக உருவாகவில்லை என்பது அவர்கள் கண்ட உண்மைகளுள் ஒன்று. விளம்பர ஏட்டில் காணும் பட்டியலை மட்டும் பார்த்து ஒரு கருவியை வாங்குவது அறிவுடைமையாகாது என்பதை இது உணர்த்துகிறது.

உள்ளிடும் விவரங்களின் ஆதிக்கம்

கருவிகளுக்கிடையேயுள்ள வேறுபாட்டைவிட, கருவிக்குள் இடப்படும் விவரங்களின் வேறுபாடு பெரிதாகிவிடக்கூடும். ஓர் எடுத்துக்காட்டு இதை விளக்கும். 10,000 சதுர மீட்டர் பரப்புள்ள அலுவலகம் ஒன்று ஆண்டுக்கு 250 நாள், நாளொன்றுக்கு 10 மணி நேரம், ஆக 2,500 மணி நேரம் இயங்குவதாகக் கொள்வோம். கணிப்பொறி போன்ற மேசைச் சாதனங்களின் சராசரிச் சுமை சதுர மீட்டருக்கு 10 வாட் என ஒருவரும், 15 வாட் என மற்றொருவரும் அனுமானிக்கின்றனர். இந்த 5 வாட் வேறுபாடு மொத்தத்தில் 50 கிலோவாட் ஆகும். ஆண்டுக்கு 1,25,000 யூனிட். இவ்வளவு மின்சாரமும் வெப்பமாக மாறுவதால் அதை வெளியேற்றவும் மின்சாரம் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் நான்கு யூனிட் வெப்பத்தை வெளியேற்றும் எனக் கொண்டால், மேலும் 31,250 யூனிட் சேர்கிறது. ஆக, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15.6 யூனிட் வேறுபாடு.

இவ்வேறுபாட்டின் அளவை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். பி.இ.இ. 2009இல் அலுவலகங்களுக்கு நட்சத்திரத் தர அடையாளத்தை அறிமுகப்படுத்தியபோது, கலப்புத் தட்பவெப்ப மண்டலத்தில் பாதிக்கு மேல் குளிரூட்டப்பட்ட அலுவலகம் ஒன்று சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 165 முதல் 190 யூனிட் செலவிட்டால் ஒரு நட்சத்திரமும், 90 யூனிட்டுக்குக் குறைவாகச் செலவிட்டால் ஐந்து நட்சத்திரமும் என வகுத்தது. ஒரு நட்சத்திரத்துக்கும் அடுத்ததற்கும் இடையேயான படி 25 யூனிட். மேசைச் சாதனங்கள் பற்றிய ஓர் அனுமானம் மட்டுமே அப்படியின் பாதிக்கு மேல் நகர்த்திவிடுகிறது. வேலை நேரம், அறை வெப்பநிலை, கதவிடுக்கு வழியே நுழையும் காற்று ஆகியவற்றையும் சேர்த்துக் கொண்டால் வேறுபாடு மேலும் பெருகும்.

இங்குதான் இருவகைக் கணக்குகளைப் பிரித்தறிய வேண்டியுள்ளது. விதித்தொகுப்பின்படி இரு கட்டடங்களை ஒரே மென்பொருளில், ஒரே வேலை நேரத்துடனும் ஒரே மேசைச் சுமையுடனும் ஒப்பிடும்போது, அனுமானப் பிழைகள் இரு பக்கத்திலும் ஏறுவதால் பெருமளவு தம்முள் கழிந்துவிடுகின்றன. இக்கண்ணாடி சிறந்ததா, அக்கண்ணாடி சிறந்ததா என்ற கேள்விக்கு மென்பொருள் நம்பகமான விடை தருவது இதனாலேயே. ஆனால் அதே கணக்கின் இறுதித் தொகையை அடுத்த ஆண்டின் மின் கட்டணமாகக் கொண்டு வரவு செலவுத் திட்டத்தில் எழுதினால் அது பிழைபடக்கூடும். அமெரிக்காவில் பசுமைக் கட்டடச் சான்று பெற்ற 121 கட்டடங்களை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது. எல்லாக் கட்டடங்களையும் சேர்த்துச் சராசரி பார்க்கையில் கணிப்பும் நடப்பும் நெருங்கியிருந்தன. தனித்தனியே பார்க்கையில் பாதிக்கு மேற்பட்டவை கணிப்பிலிருந்து 25 சதவீதத்துக்கும் மேல் விலகியிருந்தன.

தட்பவெப்பமும் வசதி வரம்பும்

மென்பொருளுக்கு மணிவாரித் தட்பவெப்பத் தரவு தேவை. இந்தியக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கமான இஷ்ரே ஐம்பதுக்கும் மேற்பட்ட நம் நகரங்களுக்கு இத்தகைய தரவுகளைத் தொகுத்தளித்தது போற்றத்தக்க பணி. எனினும் அவை கடந்த பல ஆண்டுகளின் பதிவுகளிலிருந்து தொகுக்கப்பட்ட 'மாதிரி ஆண்டு' என்பதை மறக்கலாகாது. நெருக்கமான நகர்ப்பகுதி திறந்தவெளி வானிலை நிலையத்தைவிட வெப்பம் மிகுந்தது. இன்று எழும் கட்டடம் வரும் பத்தாண்டுகளின் வெப்பத்தையும் தாங்க வேண்டியது.

அறை வெப்பநிலை பற்றிய அனுமானமும் அவ்வாறே. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் இந்திய அலுவலகங்களில் ஆய்வு நடத்தி உருவாக்கிய தகவமைப்பு வசதி மாதிரி, வெளி வெப்பநிலைக்கு ஏற்ப மனிதர் வசதியாக உணரும் வெப்பநிலை மாறுவதைக் காட்டியது. முப்பது நாள் சராசரி வெளி வெப்பநிலை 30 டிகிரியாக இருந்தால், இயற்கைக் காற்றோட்டமுள்ள அலுவலகத்தில் அது சுமார் 29 டிகிரியாகவும், கலப்பு முறை அலுவலகத்தில் சுமார் 26 டிகிரியாகவும் அமையும். ஆண்டு முழுவதும் 22 டிகிரி என்று மென்பொருளில் எழுதிவிட்டு, எந்த மென்பொருள் சிறந்தது என்று வாதிடுவதில் பயனில்லை.

எப்பணிக்கு எக்கருவி

மேற்கூறியவற்றிலிருந்து தேர்வுக்கான சில நெறிகள் கிடைக்கின்றன. திசை, வடிவம், சன்னல் பரப்பு ஆகியவற்றைத் தீர்மானிக்கும் தொடக்க நிலையில், சில மணி நேரத்தில் பல மாற்று வடிவங்களைச் சோதிக்க உதவும் எளிய கருவியே போதும். அந்நிலையில் காலதாமதமின்றிக் கிடைக்கும் விடை, நுணுக்கமான ஆனால் தாமதமான விடையைவிடப் பயன் தரும். வழக்கமான குளிர்சாதன அமைப்புள்ள கட்டடம் விதிகளை நிறைவேற்றுகிறதா எனக் காட்ட, பி.இ.இ. ஏற்றுள்ள எந்தக் கருவியும் பொருந்தும். தளக் குளிரூட்டல், கலப்புக் காற்றோட்டம் போன்ற புதிய முறைகளுக்கு எனர்ஜிபிளஸ், ஐ.ஈ.எஸ்., ஈ.எஸ்.பி.-ஆர் போன்ற ஒருங்கிணைந்த கணக்கீட்டுக் கருவிகள் தேவை. சூரிய வெப்பச் சேகரிப்பு, வெப்பச் சேமிப்புத் தொட்டி ஆகியவை இணைந்த அமைப்புகளை ஆராய டிரான்சிஸ் ஏற்றது.

செலவைப் பொறுத்தவரை, உரிமக் கட்டணம் கணக்கின் ஒரு பகுதி மட்டுமே. எனர்ஜிபிளஸ் இலவசம், ஆயினும் அதைத் திறம்படக் கையாளும் பொறியாளரை உருவாக்கப் பல மாதப் பயிற்சி வேண்டும். கட்டணமுள்ள கருவி முகப்பின் எளிமையால் அக்காலத்தைக் குறைக்கலாம். ஆனால் எளிய முகப்பு பல அனுமானங்களைப் பயனாளர் அறியாமலே இட்டு நிரப்பிவிடும் அபாயமும் உண்டு. ஒப்பந்தப்புள்ளியில் மென்பொருளின் பெயரைக் குறிப்பிடுவதைவிட, உள்ளிட்ட விவரங்கள் அனைத்தையும் கணக்குக் கோப்புடன் ஒப்படைக்க வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது பொது நலனுக்கு உகந்தது.

மீட்டர் தரும் சான்று

கணிப்பின் இறுதிச் சோதனை மின் மீட்டரே. ஐதராபாத்துக்கு அருகே போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் தன் அலுவலகக் கட்டடம் ஒன்றை இரு சம பாதிகளாக்கி, ஒரு பாதியில் திறன்மிக்க வழக்கமான காற்றுவழிக் குளிர்சாதனத்தையும், மறு பாதியில் தளக் குளிரூட்டலையும் அமைத்துத் தனித்தனி மீட்டர்களால் அளந்தது. தளக் குளிரூட்டல் பாதியில் குளிர்சாதன மின் செலவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அளவீடு வெளியிடப்பட்டதால், இம்முறையை நாடும் பிற வடிவமைப்பாளர்கள் தங்கள் கணிப்பை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உரைகல் கிடைத்தது.

இயங்கும் கட்டடத்தின் மாதிரியை மீட்டருடன் பொருத்துவதற்கும் ஆஷ்ரேயின் வழிகாட்டி அளவுகள் உள்ளன. மாதவாரிக் கணக்கில் மொத்தச் சாய்வு 5 சதவீதத்துக்குள்ளும், மாதந்தோறும் ஏற்படும் விலகலின் அளவு 15 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். இங்கும் எச்சரிக்கை தேவை: விளக்குச் செலவைக் கூட்டியும் குளிர்சாதனச் செலவைக் குறைத்தும் எழுதினால் மொத்தத் தொகை பொருந்திவிடும், ஆனால் அம்மாதிரியை நம்பி விளக்குகளை மாற்றினால் எதிர்பார்த்த சேமிப்பு கிட்டாது. விளக்கு, குளிர்சாதனம், மேசைச் சாதனம் ஆகியவற்றுக்குத் தனித்தனித் துணை மீட்டர்கள் இருந்தால்தான் இப்பிழை வெளிப்படும்.

செய்ய வேண்டுவன

இன்றைய ஏற்பாட்டில், விதித்தொகுப்பு கட்டடத்தைக் கணிப்பின் அடிப்படையில் மதிப்பிடுகிறது. நட்சத்திரத் தர அடையாளமோ நடப்புச் செலவின் அடிப்படையில் மதிப்பிடுகிறது. இவ்விரண்டையும் இணைப்பதே அடுத்த கட்டப் பணியாகும். கணிப்பின் மூலம் அனுமதி பெற்ற ஒவ்வொரு பெரிய அரசு அலுவலகமும், குடியேறி ஓராண்டு முடிந்ததும் தன் கணிப்பையும் மீட்டர் அளவையும் அருகருகே வைத்து வெளியிட வேண்டும். அத்தகைய தொகுப்பு பெருகப் பெருக, நம் அலுவலகங்களின் உண்மையான வேலை நேரம், மேசைச் சுமை, அறை வெப்பநிலை ஆகியவை அனுமானங்களாக இல்லாமல் அளந்த உண்மைகளாகக் கிடைக்கும். பொறியியல் கல்லூரிகளிலும் கட்டடக்கலைக் கல்லூரிகளிலும் இக்கணிப்பைக் கற்பிக்கும்போது, பொத்தானை அழுத்தும் முறையோடு நில்லாமல், விடையைக் கையால் தோராயமாகச் சரிபார்க்கும் பழக்கத்தையும் ஊட்ட வேண்டும். வரைபடத்தைச் சரிபார்க்கும் உள்ளாட்சிப் பொறியாளருக்கும் இப்பயிற்சி எட்ட வேண்டும். அவரால் வினவ இயலாத கணிப்பு வெறும் காகிதமாகவே கோப்பில் கிடக்கும்.

மென்பொருள்களின் ஒப்பீட்டில் எல்லாப் பணிகளுக்கும் முதலிடம் பெறும் ஒன்று என எதையும் சுட்ட இயலாது. கேள்விக்கு ஏற்ற கருவி, நம் நாட்டில் அளந்தெடுத்த விவரங்கள், கட்டி முடித்த பின் மீட்டரோடு ஒப்புநோக்கும் நேர்மை ஆகிய மூன்றும் ஒருங்கே அமையுமானால், இலவசமாகக் கிடைக்கும் கருவிகளைக் கொண்டே இனி எழவிருக்கும் ஆயிரக்கணக்கான அலுவலகங்களில் ஆண்டுதோறும் வீணாகக்கூடிய மின்சாரத்தின் கணிசமான பகுதியை வரைபட நிலையிலேயே மிச்சப்படுத்த முடியும்.